கராஜ் சுவரில் நின்றவர்கள்

வயதானவர்கள் இருந்த வீடுகளைக் காலி செய்து கொடுப்பது இப்போது என் தொழில். ஒருவர் இறந்துவிட்டால், அல்லது முதியோர் இல்லத்துக்குப் போகிறார் என்றால், பிள்ளைகள் எங்களைக் கூப்பிடுவார்கள். நானும் அண்ணையும் லொறியோடு போவோம். அண்ணை என் கூடப்பிறந்தவர் அல்ல. கனடாவின் ஸ்காபரோவில் என்னைவிட மூத்த ஆண்கள் எல்லோரும் எனக்கு அண்ணைதான். இவர் லொறிக்குச் சொந்தக்காரர் என்பதால் முதலாளியும் ஆகிறார். எந்த வேலையிலும் நான் நிலைத்து நின்றதில்லை. இதில் மட்டும் வருடங்கள் ஓடிவிட்டன. ஒவ்வொரு நாளும் வேறு வீடு என்பதால் ஓடிப்போக வேண்டும் என்று தோன்றவில்லை.

பழைய பங்களாக்களின் கராஜ்களில் ஒரு விஷயம் அடிக்கடி எதிர்ப்படும். வேலை மேசைக்கு மேலே, பாதி வெளிறிய கலண்டர்கள். நீச்சல் உடையிலும் குட்டைப் பாவாடையிலும் நிற்கும் பெண்கள். ரயர் கம்பனி, எண்ணெய்க் கம்பனி, ஆணி விற்கும் கடை என்று ஏதாவது ஒன்றின் பெயர் கீழே இருக்கும். வருடம் முடிந்தபின் திகதித் தாள்களைக் கிழித்துவிட்டுப் பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பெண்களை நான் முதலில் கண்டது கப்பலில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஒரு கிரேக்கச் சரக்குக் கப்பலில் ஏறினேன். கம்பனி கடனில் மூழ்கி, எங்களை ஒரு துறைமுகத்தில் மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டது. மாவும் வெங்காயமும் இருந்தன. அவற்றைச் சாப்பிட்டோம். இயந்திர அறைக் கிழவரின் கபின் சுவர் முழுக்க அவருடைய இளமைக் காலத்து அழகிகள். ஒருத்தி ஏணியில் ஏறுகிறாள், பாவாடை ஆணியில் மாட்டிக்கொள்கிறது. ஒருத்தி தொலைபேசியில் பேசுகிறாள், கால் இரண்டும் கூரையைப் பார்க்கின்றன. ஒருத்தியின் நாய்க்குட்டி கயிற்றால் அவளைச் சுற்றிக் கட்டிவிட்டது. கதவைத் தட்டாமல் யாரோ உள்ளே வந்துவிட்டதைப்போல எல்லோருடைய வாயும் சின்னதாகத் திறந்திருக்கும். உலக யுத்த காலத்தில் சிப்பாய்களின் பெட்டிகளில் பயணம் செய்தவர்கள், யுத்தம் முடிந்தபின் சலூன்களிலும் கப்பல்களிலும் குடியேறினார்கள் என்று கிழவர் சொல்வார். அவர் அவர்களைப் பார்த்து வழிந்து நான் கண்டதில்லை. காலையில் சவரம் செய்துகொண்டே அன்றைய காற்றும் கடலும் எப்படி என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வார். அவ்வளவுதான்.

ஆகவே எனக்கு அவர்கள் பழகிய ஆட்கள். அண்ணைக்கு அப்படி இல்லை. அவர் வெள்ளிக்கிழமை விரதக்காரர். லொறியின் முன்கண்ணாடியில் முருகன் இருக்கிறார். அவருக்கு அவை எல்லாம் "அந்த மாதிரிப் படம்". கராஜுக்குள் நுழைந்ததும் அவருடைய முதல் வேலை அவற்றைக் கழற்றுவது. வெங்காயம் வெட்டுபவரைப்போல முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு, கையால் மட்டும் தடவித் தடவிக் கழற்றுவார். சுருட்டிக் கறுப்புப் பையின் அடியில் போட்டு, மேலே வேறு குப்பையைப் போட்டு மூடுவார்.

"வீட்டுப் பொம்பிளையள் வந்து எங்களோடை நிண்டு உதைப் பாக்கிற நிலைமை வரக்கூடாது" என்பார்.

அந்த முறை நன்றாகவே வேலை செய்தது. கணவனை இழந்த பெண்கள் கராஜுக்குள் வருவார்கள், வெறும் சுவரைப் பார்ப்பார்கள், ஒன்றும் சொல்லாமல் எங்களுக்கு ஜூஸ் கொண்டுவந்து தருவார்கள். நானும் அது நல்ல பழக்கம் என்றே நினைத்திருந்தேன்.

பிறகு ஒரு அன்ரியின் வீட்டுக்குப் போனோம். அது ஸ்காபரோவில், எங்கள் சனம் அகதிகளாக வந்து இறங்குவதற்கு வெகு காலம் முன்பே வாங்கிய சிறிய பங்களா. கல்கரியில் இருக்கும் மகன் தொலைபேசியில் எங்களை ஒழுங்கு செய்திருந்தார். அன்ரி பக்கத்து ஊரான பிக்கரிங்கில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகிறார். அங்கே அவருக்கு ஓர் அறை. கதவைத் திறந்தவர் எண்பதைத் தாண்டியவர் என்று சொல்ல முடியாதபடி நிமிர்ந்து நின்றார். காற்சட்டை, கம்பளி மேற்சட்டை, உதட்டில் மெல்லிய சாயம். கையில் இருந்த ஊன்றுகோலை அவர் ஊன்றவில்லை, வெறுமனே பிடித்திருந்தார்.

"தமிழோ? நல்லது. கையைக் காலை ஆட்டி விளங்கப்படுத்தத் தேவையில்லை."

வீடு முழுக்கக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கட்டில் போகலாம், அலுமாரி போகலாம், கீழே பேஸ்மன்றில் உள்ளது எல்லாம் போகலாம். கடைசியாகக் கராஜ் கதவருகில் நின்று சொன்னார்:

"உள்ளை இருக்கிறது எல்லாத்தையும் எடுங்கோ. சுவரை மட்டும் விடுங்கோ. சுவரிலை இருக்கிறது என்னோடை வாறது."

கராஜின் பக்கச் சுவரில் ஒரு பலகையில் வாள்களும் சுத்தியல்களும் வரிசையாகத் தொங்கின. பின்சுவரில் படங்கள். நான் பார்த்த கராஜ்களிலேயே அதிகமாக அங்கேதான் இருந்தன. ஓவியமாகத் தீட்டியவை, புகைப்படங்கள், மேலே கையால் நிறம் பூசிய புகைப்படங்கள். அண்ணை ஒரு அடி வைத்தார், கண்டார், உடனே என் பக்கம் திரும்பினார்.

"அன்ரியின்ரை மனுசன் போய்ச் சேர்ந்திட்டார். அன்ரி உதுக்குள்ளை வந்து கன காலம் போலை."

"சுவரை விடச் சொன்னவ, அண்ணை."

"உந்த வாளையும் சுத்தியலையும் சொல்லுறா. மனுசன்ரை கைபட்ட சாமான். வேறை என்னத்தை? உதுகளைக் கொண்டுபோய்ச் சாமிப் படத்துக்குப் பக்கத்திலை கொழுவப் போறாவோ?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சொன்னது சரியாகவே பட்டது. நான் சாமான் அடுக்கும் தட்டுகளைக் கழற்றத் தொடங்க, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் வேலையைத் தொடங்கினார். ஒரு தாள் கிழியும் சத்தம் கேட்டது. "எறியிறதுதானே" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். முதல் லோட் நிறைந்ததும், நான் தட்டுகளோடு அங்கேயே நிற்க, அவர் குப்பை கொட்டும் இடத்துக்கு லொறியை எடுத்துக்கொண்டு போனார்.

சிறிது நேரத்தில் அன்ரி ஒரு தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்தார். பின்சுவரைப் பார்த்தார். தட்டை வேலை மேசையில் மெதுவாக வைத்தார்.

"நான் எங்கை?" என்றார்.

இந்தத் தொழிலில் இப்படியான கேள்விகள் எனக்குப் புதிது அல்ல. வீடு கலைகிறபோது வயதானவர்களுக்குத் தடுமாறும். அமைதியாகப் பேசவேண்டும்.

"நீங்கள் உங்கடை வீட்டிலைதான் நிக்கிறியள், அன்ரி. இது கராஜ்."

"எனக்கு விசர் இல்லை, தம்பி. சுவரிலை நிண்ட என்னை எங்கை கொண்டு போனீங்கள்?"

எனக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தேன். தாடை சற்று மேலே, ஒரு தோள் முன்னால், உடம்பின் பாரம் ஒற்றைக் காலில். கராஜில் நிற்க யாரும் அப்படி நிற்பதில்லை. நானும் அன்று காலை அந்தச் சுவருக்கு முன்னால் நின்றிருந்தேன். கப்பலில் கண்ட பெண்களைத்தான் கண்டேன். அவர்களுக்கு நடுவில் ஒரு தமிழ்ப் பெண் நின்றிருக்கக்கூடும் என்று என் கண் எதிர்பார்க்கவே இல்லை.

தொலைபேசியை எடுத்தேன்.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்?"

"குப்பை லொறி நிறுக்கிற தராசு லைனிலை. முன்னாலை இன்னும் ரெண்டு லொறி."

"கொட்டாதேங்கோ. திரும்பி வாங்கோ."

"திரும்பவோ? பின்னாலை ஒருத்தன் என்ரை பம்பரிலை மூக்கை வைச்சுக்கொண்டு நிக்கிறான். என்னடா விசயம்?"

"அந்தப் படங்கள் அன்ரியின்ரை."

"மனுசன்ரை எண்டு சொல்லு."

"இல்லை அண்ணை. படத்திலை நிக்கிறது அன்ரி."

மறுபக்கம் பின்லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான்.

"எந்தப் படத்திலை?"

"கொஞ்சத்திலை."

"கொஞ்சத்திலை எண்டால் எது?"

"நீங்கள்தானே கழட்டினியள்."

"நான் பாக்கேல்லையடா!"

அன்ரி கையை நீட்டினார். நான் தொலைபேசியைக் கொடுத்தேன்.

"தம்பி, கேளுங்கோ. ஒண்டிலை கையிலை ரயர் வைச்சிருக்கிறன். ஒண்டிலை ஏணி. ஒண்டிலை சைக்கிள், பின்னாலை கடல். அவசரப்பட்டுக் கிழிக்காமல் எடுங்கோ. ஓம். முகத்தைப் பாருங்கோ. மற்றதைப் பாத்தாலும் எனக்கு ஒண்டும் குறையாது."

தொலைபேசியைத் திருப்பித் தந்துவிட்டு அவர் வேலை மேசையைப் பிடித்துக்கொண்டார். வேலை மேசைக்குக் கீழே இருந்த முக்காலியை இழுத்துக் கொடுத்தேன்.

"வேறை பிரதி இருக்கோ அன்ரி?"

"படம் எடுத்த கொழும்பு ஸ்ரூடியோ கலவரத்திலை எரிஞ்சு போச்சு. நெகற்றிவ் எல்லாம் அதோடை. இருந்தது உந்தச் சுவரிலைதான்."

தேத்தண்ணியை என் பக்கம் தள்ளிவிட்டுத் தொடர்ந்தார்.

"தம்பி, பிக்கரிங்கிலை என்னைக் குளிப்பாட்டுவினம். சோறு தீத்துவினம். காது கேக்காது எண்டு நினைச்சுக் கத்துவினம். அதெல்லாம் சரி, வயசு போனால் அப்பிடித்தான். ஆனால் என்னைத் தூக்கி இருத்திற பிள்ளை, தான் ஆரைத் தூக்கிறன் எண்டு அறியவேணும். அதுக்குத்தான் எனக்கு உதுகள் வேணும்."

அண்ணை வரும்வரை செய்ய வேறு ஒன்றும் இல்லை. அன்ரி பேசினார், நான் கேட்டேன்.

கொழும்புக் கோட்டையில் ஒரு விளம்பரக் கந்தோரில் அவர் ரைப்பிஸ்ட்டாக இருந்தார். ரயர் கலண்டருக்குப் படம் எடுக்க ஒழுங்கு செய்திருந்த பறங்கிப் பெண்ணுக்கு அன்று பார்த்துச் சின்னமுத்து, முகம் முழுக்கப் புள்ளி. ஸ்ரூடியோவுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. ரைப்ரைட்டருக்கு முன்னால் இருந்த அன்ரியை மனேஜர் மேலும் கீழும் பார்த்து, "உடுப்பு உமக்கு அளவாயிருக்கும் போலை" என்றாராம். அளவாக இருக்கவில்லை. முதுகுப் பக்கம் உடுப்புக் கொடிக் கிளிப்புகளால் இழுத்துக் கவ்விவிட்டார்கள். பின்னால் இருந்த கடல், துணியில் தீட்டியது. காலடி மணல், பக்கத்தில் வீடு கட்டிய இடத்திலிருந்து வந்தது. அதில் சீமெந்துக் கட்டிகள் கிடந்தன.

"வெக்கமா இருக்கேல்லையோ?"

"ஒரு அரை மணித்தியாலம் இருந்தது. பேந்து கால் நோகத் தொடங்கிற்று. கால் நோகேக்கை வெக்கம் நிக்காது."

எப்படி நிற்பது என்று ஸ்ரூடியோக்காரருக்கும் தெரியாது. துறைமுகத்துக்குப் போய் மாலுமிகளிடம் பழைய சஞ்சிகைகளும் கலண்டர்களும் வாங்கி வருவார். அவற்றில் ஒரு பக்கத்தை விரித்துப் பிடித்து, "இப்பிடி நில்லும் பிள்ளை" என்பார். எந்தப் படத்தைப் பார்த்து நின்றாரோ அந்தப் படத்தையும் தான் நின்ற படத்தையும் அருகருகே வைப்பது அன்ரியின் வழக்கம். அந்தச் சுவரில் இருந்தது அதுதான். வெள்ளைக்காரிக்குப் பக்கத்தில் அதே ஏணியில் கொழும்புக் கொட்டாஞ்சேனைக்காரி.

"அவளவை எல்லாம் எனக்கு ரீச்சர்மார். ஆனால் ஒண்டு சொல்லுறன், சைக்கிள் படத்திலை அவளைவிட நான்தான் திறம்."

"வீட்டிலை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அப்பாவுக்குத் தெரியாது. ஒரு நாள் மருதானையிலை சலூனுக்குத் தலைமயிர் வெட்டப் போனவர். கண்ணாடிக்கு மேலை நான். பாதி வெட்டோடை எழும்பி வீட்டை வந்திட்டார்."

"பேந்து?"

"மிச்சப் பாதியை வெட்ட வேறை சலூனுக்குப் போனவர். அங்கையும் நான்."

தானே சிரித்தார். பிறகு வாசலைப் பார்த்தார். லொறி இன்னும் வரவில்லை.

ஸ்ரூடியோவில் விளக்குப் பிடித்த பையனைத்தான் அவர் கலியாணம் செய்தார். இங்கே வந்த பிறகு இந்தக் கராஜில் படங்களைக் குத்தி வைத்தவர் அந்த மனிதர்தான். "ஒருநாளும் என்னை நேரை பாக்கமாட்டார், விளக்கைத்தான் பாப்பார். ஆனால் வெளிச்சம் எப்பவும் சரியா என்ரை முகத்திலை விழும்." மகன் அந்தப் படங்களுக்குக் கீழே இருந்து சைக்கிள் ரியூப் ஒட்டி வளர்ந்தவர். அவருக்கு அது அம்மா. அதற்கு மேல் அதில் அவருக்கு அதிசயம் ஒன்றும் இல்லை.

லொறி வந்தது. அண்ணை இறங்கினார். சட்டையிலும் கையிலும் யாருடையதோ பழைய பெயின்ற், விரலில் கீறல். சுருட்டிய படங்களைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தார். தராசில் ஏறிய லொறியைத் திருப்ப விடவில்லையாம். கொட்டும் தளத்தில் நின்று பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறார். எல்லாம் ஒரே கறுப்புப் பை. குப்பையைத் தள்ளும் மெசின்காரன் ஹோர்ன் அடித்திருக்கிறான். அண்ணை அவனுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

சமையலறை மேசையில் அவற்றை விரித்தோம். எது அன்ரி, எது வெள்ளைக்காரி என்று பிரிக்க நேரமில்லாமல் அகப்பட்டது எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தார். ரயர் இருந்தது. சைக்கிள் இருந்தது. ஏணிப் படம் குறுக்கே இரண்டாகக் கிழிந்திருந்தது. அன்ரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசியில் இரண்டு கையையும் மேசையில் ஊன்றினார்.

"தொப்பிப் படம் இல்லை."

"அந்தப் பையை எட்ட முதல் மெசின் தள்ளிப்போட்டுது, அன்ரி" என்றார் அண்ணை. அவருடைய தலை நிமிரவில்லை. "நான் ஒருக்கால் பாத்திருந்தால் விட்டிருப்பன். சத்தியமா."

"ஏன் பாக்கேல்லை?"

"மரியாதைக்கு."

அன்ரி ரயர் படத்தை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். "அந்தப் படத்திலை நான் அவ்வளவு வடிவில்லை" என்றார். "விளக்குச் சூட்டிலை கண் அரைவாசி மூடிப் போச்சு." பிறகு, குரலை மாற்றாமல், "ஆனால் அதுதான் அண்டைக்கு ரயரைக் கையிலை தர முதல் எடுத்த, முதலாவது படம்" என்றார்.

குழாய்த் தண்ணீரைத் திறந்து அண்ணை கையைக் கழுவினார். பெயின்ற் போன பிறகும் கழுவிக்கொண்டே நின்றார்.

அன்ரிதான் முதலில் அசைந்தார். கிழிந்த ஏணிப் படத்தின் இரு துண்டுகளையும் பொருத்திப் பார்த்தார்.

"கால் இருக்கு. முகம் இருக்கு. இடுப்பிலைதான் கிழிஞ்சிருக்கு. பரவாயில்லை, இப்ப எனக்கும் அங்கைதான் பிரச்சினை."

அண்ணை திரும்பிப் பார்த்தார், சிரிக்கலாமா என்று தெரியாமல். போன வருடம் இடுப்பு எலும்பை மாற்றியதை அன்ரி சொன்ன பிறகுதான் சிரித்தார். அன்று முழுக்க அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். பின்னேரம் கடைக்குப் போய், படச் சட்டங்கள் வாங்கிவந்து, கிழிந்ததைப் பின்பக்கமாக ஒட்டியவரும் அவரே.

குடிபெயரும் நாளில் எங்கள் வேலை அந்த வீட்டோடு முடிந்துவிட்டது. ஆனாலும் அண்ணை பிக்கரிங்குக்கு லொறியை விட்டார். அறை சின்னது. கட்டில், கதிரை, ஒரு ஜன்னல். சுவரில் ஆணி அடிக்க விடமாட்டோம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஆணி இல்லாமல் ஒட்டும் கொக்கிகள் இருக்கின்றன என்று அண்ணை, தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் செலவழித்து, அவர்களிடம் அனுமதி வாங்கி வந்தார்.

ரயர் கட்டிலுக்கு எதிரே. சைக்கிள் ஜன்னலருகே, அதன் பக்கத்தில் அதே மாதிரி நிற்கும் வெள்ளைக்காரி. ஏணி கதவுக்கு நேரே, உள்ளே வருகிற எவரும் முதலில் காணும் இடத்தில். அது அன்ரியின் கட்டளை. கதிரையில் இருந்தபடியே, "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். போதாது. இப்ப கூடிப்போச்சு" என்று அண்ணையை வாட்டினார். அண்ணை ஒவ்வொரு தடவையும் இரண்டு அடி பின்னால் வந்து, கண்ணைச் சுருக்கிப் படத்தைப் பார்த்து, திரும்பப் போய்ச் சரிசெய்தார்.

பக்கத்து அறையிலிருந்து ஓர் அம்மா நடைவண்டியைப் பிடித்தபடி வந்து வாசலில் நின்றார். திருகோணமலைக்காரர் என்று பிறகு அறிந்தேன். ஏணிப் படத்தைப் பார்த்தார். உள்ளே வருவதா, போவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஆர் உது? சினிமாக்காரியோ?"

அன்ரி வாயைத் திறக்க முன் அண்ணை பதில் சொன்னார்.

"இல்லை அம்மா. இவதான். வாசலிலை நிண்டால் தெரியாது, கிட்ட வாங்கோ."

அந்த அம்மா வந்தார். கண்ணாடியைப் போட்டு, படத்தைப் பார்த்து, அன்ரியைப் பார்த்து, மறுபடி படத்தைப் பார்த்தார். நாங்கள் மூவரும் காத்திருந்தோம்.

"கால் உப்பிடி மினுங்குது. என்ன பூசினனீங்கள்?"

"தேங்காய் எண்ணெய்."

"எறும்பு வராதோ?"

"வராமல்?" என்றார் அன்ரி. "உதிலை இருங்கோ, சொல்லுறன்."

இருந்தது ஒரே கதிரை. அதை விட்டெழும்பி அன்ரி கட்டிலில் போய் அமர்ந்தார். நானும் அண்ணையும் மிச்சக் கொக்கிகளைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தோம். ரூஜ் பக்கம் இன்னொரு வீடு எங்களுக்காகக் காத்திருந்தது.